மேட்டு ஸ்கூலா, கீழ்த்தெரு ஸ்கூலா

ஹலோ... ஆமா ஆமா, ஸ்கூல்தான். ஹெட்மாஸ்டர்தான் பேசுறேன்... கேக்குதுங்க, மெதுவாவே பேசலாம்... என்னது, பொண்ணைச் சேக்கணுமா? நம்ம ஸ்கூல்லயா? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், வச்சிடாதீங்க!

(போனைப் பொத்திக்கொண்டு) ஆயாம்மா! புது அட்மிஷன்! ஒரு பிள்ளை கூடுனா இந்த வருஷம் ஸ்கூலைப் பூட்ட மாட்டோம்னாங்கல்ல, வந்துடுச்சு! அந்த நாற்காலியத் தொடைங்க... எனக்கில்ல, அவரு வந்தா உக்கார!

ஹலோ, சொல்லுங்க சார்... மூணாம் வகுப்பா? நல்லது, நல்லது. பாப்பா இப்ப எங்க படிக்குது?...

கீழ்த்தெரு ஸ்கூல்லயா?

...இல்ல, லைன்லதான் இருக்கேன். சார், இந்த நம்பரை யாரு குடுத்தா?... மளிகைக்கடைக்காரரா. சரிதான். அவருக்கு ரெண்டு ஹெட்மாஸ்டரும் ஒண்ணுதான், ரெண்டு பேருக்குமே வழுக்கை... ஆமா. ஆமாங்க. மேட்டு ஸ்கூல்தான். நீங்க சொல்லுங்க, கீழ்த்தெருவுல என்ன குறை?

ம்... ம்... அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார், தெரியும். ஒண்ணாம் வகுப்புக்கு எழுதிப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள நாலாம் வகுப்புல அடிதடி... இல்ல இல்ல, கேள்விப்பட்டதுதான்... பாப்பா ஏதாச்சும் கேட்டா 'நாளைக்குச் சொல்றேன்'ங்கறாரா? நழுவுறாருன்னு நினைக்காதீங்க சார், ராத்திரி உக்காந்து படிச்சிட்டு வருவாரு மனுஷன்... சரி சரி, நான் ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுறேன்! இத்தனை வருஷம் வெளியூர்ல உழைச்சிட்டு, லீவுல வந்து இதைப் பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். நம்ம வாயாடிக்கு... பாப்பாவுக்குன்னு சொன்னேன்... அதுக்கு இருக்கிற மூளைக்கு...

எங்க ஸ்கூலா?

...

எங்க ஸ்கூல்ல வகுப்புக்கு ஒரு டீச்சர். லைப்ரரியைப் பூட்டாம வச்சிருப்பாங்க... வச்சிருப்போம். மைக்ராஸ்கோப் இருக்கு, பிள்ளைங்களே தொட்டுப் பாக்கலாம்... கீழ்த்தெருவுலயா? மரத்தடி நிழல் நல்லா இருக்கும்... ஆமா, வாஸ்தவம்தான். நிழலை வச்சிக்கிட்டு என்ன பண்றது.

உண்மையைச் சொல்லவா சார்? என் பொண்ணா இருந்தா நான் மேட்டு ஸ்கூல்லதான் சேப்பேன்... அட்மிஷனுக்கு வேற நம்பர், மெசேஜ்ல அனுப்புறேன். அங்கேயே கேளுங்க.

என்ன?... அந்த வாத்தியார் வருத்தப்படுவாரா? நான் பேசிக்கிறேன். ரொம்பப் பழக்கம். தினமும் ஷேவ் பண்ணும்போது மூஞ்சியப் பாக்குறேன்... ஆமாங்க, ஒரே வீடு... ஸ்கூலை மூடிடுவாங்களா? சேச்சே, யாரு சொன்னா? பிள்ளைங்க நிறைய இருக்கு. நீங்க அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க.

பாப்பா பேசணும்ங்குதா? வேண்டாம் சார், வேண்டாம், போனை அதுகிட்ட குடுக்காதீங்க, எனக்கு இங்க வேலை...

...

ஆமாம்மா. நான்தான்.

உஷ்! அப்பாகிட்ட சொல்லாத... கோவமெல்லாம் இல்லடா... அழாத. நீ அழுதா எனக்கும் மூக்கு ஒழுகும், கைக்குட்டை வேற கொண்டு வரல... போகணும்மா. அங்கதான் நல்லாப் படிக்கலாம்... நானா? நானும் உன்கூடவா? எனக்கு யாரு கண்ணு அட்மிஷன் குடுப்பா, வயசு கூடிடுச்சே... ம்... ம்...

சரி, போனை வச்சிடு... இல்லம்மா, நான் வைக்க மாட்டேன். நீதான் வைக்கணும்...

...

இன்னும் இருக்கியா?

வைம்மா.