செத்த ராஜாவுக்கு நூறு சொன்ன பாவாயி டீச்சருக்கு

எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய தையல் ஆசிரியை அவர்களே,

மேடையில் ஒருநாளும் நில்லாமல், மேடையில் நின்ற அத்தனை பேரையும் நிமிர்ந்து நிற்க வைத்தவரே, கோணிப்பையைக் கவசமாக்கி, கொட்டாங்குச்சியை மார்பணியாக்கி, குளிரில் நடுங்கிய பிள்ளைகளைக் கோட்டையாளும் மன்னர்களாக்கியவரே, வணக்கம்.

இம்மடலை எழுதத் தொடங்கும் முன், அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் பழைய பாராட்டு மடல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தோம். கடமை தவறாதவர், காலம் தவறாதவர், கனிவு குறையாதவர் என்று அவற்றில் இருக்கும் எல்லாச் சொற்களும் உங்களுக்குப் பொருந்துகின்றன. ஆனால் அவை ஓய்வுபெற்ற எல்லோருக்கும் பொருந்துகின்றன. "எல்லாருக்கும் பொருந்தற சட்டை ஒருத்தருக்கும் பொருந்தாதுங்க" என்று மாலைத் தையல் வகுப்பில் நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. ஆகவே உங்கள் அளவை எடுத்து இதைத் தைக்க முயன்றிருக்கிறோம். தோள் எங்காவது தொங்கினால் பொறுத்தருள வேண்டும். தைத்தது உங்களிடம் கற்ற கைதான்.

அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மலைப்பாதையின் வளைவுகளில் தலைசுற்றித் தலைசுற்றி மேலே வந்து, கொல்லிமலையின் பதினாலு நாடுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் வாடகை வீடு பிடித்துக் குடியேறிய காலத்தில், உங்களுக்கு இங்கே தரப்பட்ட வேலை பிள்ளைகளுக்குப் பொத்தான் கட்டவும் ஓரம் அடிக்கவும் கற்றுத் தருவதுதான். நாடகத்துக்கு உடை தைக்கச் சொல்லி உங்களுக்கு எந்த ஆணையும் வரவில்லை. அந்த ஆண்டு தமிழாசிரியர் தமிழ்செல்வன் ஐயா தாமே எழுதிய 'பதினாலு நாட்டு ராஜா' நாடகத்தை ஆண்டு விழாவில் அரங்கேற்றினார். ராஜா வேட்டியும் பனியனுமாக வந்து நின்றார். பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், "ஏனுங்கய்யா, ராஜா குளிச்சுப்போட்டு நேரா வந்துட்டாருங்களா?" என்று கேட்டீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பொறுப்பு உங்களுடையதாயிற்று.

அந்த ஆண்டில் பிறந்ததுதான் அரக்கு நிற அங்கி. அதன் சரிகைக் கரை உங்கள் கலியாணப் புடவையில் இருந்து வந்தது என்பது எங்களில் பலருக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்த பிறகு ஒருவர், "புடவையைக் கிழிக்க மனசு வந்துச்சுங்களா?" என்று கேட்டார். "பெட்டிக்குள்ள கெடந்தா அது துணி. மேடைக்குப் போனா அது ராஜா" என்றீர்கள்.

அந்த அங்கியை நீங்கள் ஒருமுறைகூட வெட்டியதில்லை. ஒல்லியான ராஜா வந்தால் உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டீர்கள். தடித்த ராஜா வந்தால் அதைப் பிரித்துவிட்டீர்கள். இன்று அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. இது முரளியின் தோள், இது சந்தோஷ்குமாரின் இடுப்பு என்று விரல் வைத்துச் சொல்வீர்கள். அவர்களில் பலர் இப்போது பஸ் ஓட்டுகிறார்கள், காப்பித் தோட்டம் பார்க்கிறார்கள், திருப்பூரில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பதினாறு வயது உடம்பு மட்டும் அந்த அங்கிக்குள் பத்திரமாக இருக்கிறது.

பனி இறங்கும் மாதங்களில் பெட்டிக்குள் பூஞ்சை ஏறாமல் காப்பதே பெரும்பாடு. வெயில் எட்டிப் பார்த்ததும் தையல் வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு ஓடிவந்து, பள்ளிச் சுவரின்மேல் உடைகளை விரிப்பீர்கள். ராஜாவும் ராணியும் புலியும் நான்கு தேனீக்களும் சுவரில் வரிசையாகக் காய்வார்கள். செம்மேடு பஸ் நிலையத்துக்கு அது வானிலை அறிக்கை. "ராஜா காயறாரு, இன்னைக்கு மழையில்ல, ஏறுங்க" என்று நடத்துநர்கள் பயணிகளை அழைத்ததை நாங்களே காதால் கேட்டிருக்கிறோம்.

பூச்சிக்கு நீங்கள் கண்ட மருந்து மிளகு. கடையில் விற்கும் வெள்ளை உருண்டையின் வாசம் பிள்ளைகளுக்குத் தலைவலி தருகிறது என்று அதை விலக்கினீர்கள். நாடகத்தில் நடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மிளகில் ஒரு கைப்பிடி கொண்டுவர வேண்டும் என்பது வழக்கமாயிற்று. அதை ஒன்றிரண்டாகத் தட்டி, மஞ்சள் துண்டு சேர்த்து, மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி, ஒவ்வொரு உடையின் கழுத்து மடிப்பிலும் செருகி வைப்பீர்கள். நாடகத்தன்று உடுத்தும் முன் முடிச்சுகளை எல்லாம் உருவி உங்கள் மடியில் போட்டுக்கொள்வீர்கள். மடி நிறைந்தால்தான் நாடகம் தொடங்கலாம்.

ஒரே ஒரு ஆண்டு மடி நிறையவில்லை. அந்தக் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு ராஜாவாக நடிக்கத் தேர்வானவர் குண்டனி நாட்டிலிருந்து வந்து பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ரமேஷ்குமார். ஆண்டு விழாவன்று காலையில் அவருடைய தந்தை கருப்பண்ணன் அலுவலகத்துக்கு வந்து நின்றார். "கெழங்கு புடுங்க ஆளில்லைங்க. கூத்துக் கட்டறதுக்கா பள்ளிக்கூடம்? பையன் சீட்டக் குடுத்துப்போடுங்க" என்று மாற்றுச் சான்றிதழ் கேட்டார். இன்று விழா, நாளைக் காலை வாருங்கள் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். "செரி, வந்தது வந்தேன். இவன் என்ன கிழிக்கறான்னு பாத்துப்போட்டே போறேன்" என்று அவர் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். ரமேஷ்குமாருக்கு இருந்த நம்பிக்கை ஒன்றுதான். அப்பா தன்னை ராஜாவாகப் பார்த்துவிட்டால் மனம் மாறலாம். மேடையேறும் முன் உங்களிடம் மட்டும் அதைச் சொன்னார். "நல்லாச் செத்துக் காட்டு கண்ணு, உங்கப்பன் அழுதுபோடுவான்" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

அன்று மாலை தூறல் பிடித்துக்கொண்டது. காட்சிகளைச் சுருக்கி, அவசர அவசரமாக உடை மாற்ற வேண்டியதாயிற்று. கடைசிக் காட்சிக்கு மட்டுமே வெளியே வரும் அரக்கு அங்கியின் கழுத்தில் ஒரு முடிச்சு தங்கிவிட்டது.

போரில் வீழ்ந்த ராஜா மேடை நடுவில் கிடந்தார். ராணியாக வந்த சுஜிதா, தமிழ்செல்வன் ஐயா எழுதித் தந்த நீண்ட புலம்பலைத் தொடங்கினார். கூட்டம் உருகிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார்கள். அப்போது ராஜா தும்மினார்.

முந்தானைகள் பாதி வழியில் நின்றன. அந்த நொடியில் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், பிள்ளை தும்மினால் எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்வதைச் சொன்னது.

"நூறு."

அது உங்கள் குரல், டீச்சர். ராஜா மறுபடியும் தும்மினார். "எரநூறு" என்று பாதி சொல்லி வாயைப் பொத்திக்கொண்டீர்கள். புலம்பலை மறந்துபோன சுஜிதா குனிந்து, "ஏனுங்க, உசுரோடதான் இருக்கறீங்களா?" என்று கேட்டார். செத்த ராஜா கண்ணைத் திறக்காமலே, "ஆமாங்க" என்றார்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது ஒருவருக்கும் கேட்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள்.

உள்ளே தமிழ்செல்வன் ஐயா இடுப்பில் கைவைத்து நின்றார். "இவனைச் சாகடிக்க ஒன்றரை மாசம் ஒத்திகை பார்த்தேன் டீச்சர். ஒரே சொல்லில் எழுப்பிவிட்டீர்களே" என்றார். "நானுங்களா எழுப்புனேன்? மொளகு எழுப்புச்சுங்க" என்றீர்கள். ஆனால் உங்கள் கண் தகரப் பெட்டியின் பின்னால் இருந்தது. ரமேஷ்குமார் அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "எங்கப்பா நாளைக்குச் சீட்டு வாங்கறார் டீச்சர். இனி என்னத்தச் சொல்லித் தடுக்கறது?" என்றார்.

சற்று நேரத்தில் கருப்பண்ணன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நீங்கள் அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டீர்கள். "தப்பு என்னுதுங்க. முடிச்ச எடுக்காம உட்டது நானு. பையனை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அது ஆரு ஊட்டு மொளகுங்க?"

"உங்க ஊட்டு மொளகுதானுங்க. பையன் கொண்டாந்து குடுத்தது."

"அதான பாத்தேன். எங்க காட்டு மொளகுக்குப் பொணமே எந்திரிக்கும்."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவன் வுழுந்து கெடக்கறப்ப நெஞ்சு அடச்சுப்போச்சுங்க டீச்சர். கூத்துன்னு தெரியும். இருந்தாலும் பெத்த புள்ளை. தும்முனான் பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நீங்க நூறுன்னீங்க. எம்பட வாயும் நூறுன்னு சொல்லிப்போடுச்சு. நூறு வருசம் நல்லா இருடான்னு சொன்ன வாயால, காலையில வந்து சீட்டக் குடுங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

"அப்பக் கெழங்கு புடுங்கறதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"அது மண்ணுக்குள்ளதான இருக்குது, எங்கயும் ஓடிப்போவாது. லீவுல வந்து புடுங்கட்டும்" என்றவர், பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எந்திரிச்சு வா சாமி. அந்த ராசா துணியக் கழட்டி டீச்சர்கிட்டக் குடு. கசங்கிப்போவுது."

அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். கல்லூரிக்குப் போனார். கணித ஆசிரியராகி, இதே பள்ளிக்கே திரும்பி வந்தார். இப்போது உங்கள் முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இந்த இடத்தில் அவர் குரல் தடுமாறினால் யாரும் குறை சொல்ல வேண்டாம். நேற்று ஒத்திகையிலும் இங்கேதான் தடுமாறினார்.

அந்த ஆண்டுக்குப் பிறகு 'பதினாலு நாட்டு ராஜா' நாடகத்தில் ராஜா ஒருமுறையும் சாகவில்லை. சாகடிக்கத் தமிழ்செல்வன் ஐயா அடுத்த ஆண்டு முயன்று பார்த்தார். ராஜா வீழ்ந்ததும் கூட்டம் புலம்பலைக் கேட்காமல், "எப்பங்க தும்முவாரு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டது. வேறு வழியின்றித் தும்மலை அவரே நாடகத்தில் எழுதிச் சேர்த்தார். இன்று நம் விழாவுக்கு வருகிறவர்கள் அந்த ஒரு தும்மலுக்காகவே மழையிலும் காத்திருக்கிறார்கள். ராஜா தும்மியதும் மைதானம் முழுவதும் ஒரே குரலில் நூறு சொல்கிறது. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தமிழ்செல்வன் ஐயா, சென்ற ஆண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னதைப் பார்த்தோம்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் பொங்கலுக்கும் டீக்கும் ஓடுவோம். நீங்கள் மட்டும் உடைகளோடு உட்கார்ந்திருப்பீர்கள். வேர்வை காயாமல் பெட்டியை மூட மாட்டீர்கள். ராணியின் முந்தானையில் கண்மை இருந்தால், "இன்னைக்கு நெசமாவே அழுதுட்டாளாட்டம் இருக்குது" என்று துணியிடம் பேசிக்கொண்டே துடைப்பீர்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே டீயை ஆறவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எங்களில் உண்டு. அடுத்த ஆண்டு அந்த இடம் காலியாக இருக்கும் என்பதை எழுத, இதற்கு மேல் நல்ல சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாவியை ரமேஷ்குமார் சார் கேட்டு வாங்கியிருக்கிறார். மாலை வகுப்பினர் முறை வைத்து வெயிலில் உலர்த்துவோம். எந்த உடையையும் வெட்ட மாட்டோம்.

இனி நீங்கள் ராசிபுரத்தில் மகள் ராதிகாவின் வீட்டில் இருக்கப் போகிறீர்கள். அங்கே பனி இல்லை, பூஞ்சையும் இல்லை. ஆனாலும் வழக்கத்தை விட எங்களுக்கு மனமில்லை. சற்று நேரத்தில் உங்கள் தோளில் போர்த்தப்படும் சால்வை கடையில் வாங்கியது அல்ல. மாலை வகுப்பினர் தைத்தது. ஓரத்தில் தாராளமாக மடிப்பு விட்டிருக்கிறோம். அதன் கழுத்துப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய ராஜாக்களும் ராணிகளும் புலியும் தேனீக்களும் தத்தம் வீட்டிலிருந்து ஒவ்வொரு கைப்பிடி அனுப்பிய மிளகு அதில் இருக்கிறது. குண்டனி நாட்டு மிளகு சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. கருப்பண்ணன் தாமே கொண்டுவந்து கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த முடிச்சை உருவ நாங்கள் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறோம். சால்வை தோளில் விழும்போது தும்மல் வந்தால் தயவுசெய்து அடக்காதீர்கள், டீச்சர். உங்களுக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்து எங்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கே எல்லோரும் வாய் திறந்து காத்திருக்கிறோம்.

உங்கள் கையால் உடுத்திய, உங்கள் வாயால் வாழ்ந்த,
ஆசிரியர்கள், அலுவலர்கள், மாலைத் தையல் வகுப்பினர், இதுவரை சாகாத எல்லா ராஜாக்களும்
செம்மேடு, கொல்லிமலை