அல்வாக் கடைப் பலகை

எழுபதுகளில் ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அல்வாக் கடை பாய் ஒருவரும் அவருடைய சிநேகிதரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சர்க்கரை வியாதிக்காரங்க சாப்பிடக் கூடாதுன்னு கடையில பலகை மாட்டினேன். அன்னிலேர்ந்து அல்வா ஜாஸ்தியா விக்குது, அண்ணாத்த."

"நல்லதுதானே, பாய்?"

"இன்னா நல்லது? சர்க்கரையால என் மச்சானுக்குக் காலையே எடுத்துட்டாங்க. அதனாலதான் மாட்டினேன். இவங்க படிச்சிட்டு, சிரிச்சிகினே அரைக் கிலோ கேக்கறாங்க."

"அப்புறம் இன்னா பண்ணே?"

"கழட்டிட்டேன். 'உங்களுக்குச் சர்க்கரை கீதா'ன்னு இப்ப நானே கேக்கறேன். பலகைக்கு யாரும் பதில் சொல்ல வேணாம். என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல அவங்களால முடியல."

"வியாபாரம்?"

"கொறஞ்சிபோச்சி" என்றார் பாய், திருப்தியாக.