முதுகு உயர்ந்த நாற்காலி

பழைய குஷன் நாற்காலி வாங்குகிறவர்கள் முதலில் அதை முகர்ந்து பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பதெல்லாம் பிறகுதான். துணியை மாற்றலாம், பாலிஷ் போடலாம், ஆடுகிற காலுக்கு ஆப்பு வைக்கலாம். உள்ளே இருக்கும் நாரில் வாடை ஏறிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. இது தெரியாமல் நானே பெரம்பலூரில் ஒரு சோபா வாங்கி, மூன்று மாதம் யார் வீட்டுப் பூனையோடோ குடித்தனம் நடத்திவிட்டு, கடைசியில் தூக்கிப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் அறிவரசன். முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரியலூரில் சொந்த வீடு, தனி ஆள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய இருக்கைகளைத் தேடி வாங்குவது ஒன்றுதான் பழக்கம். தவணையில் வாங்கிய ஸ்பாஞ்ச் சோபாவில் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

முகர்ந்த பிறகு உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் முனகலாம், கத்தக் கூடாது. அடுத்தது உயரம். உட்கார்ந்தால் முழங்காலும் இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பதினெட்டு அங்குலம் சரியாக இருக்கும். அதைவிடத் தாழ்ந்தால் கை ஊன்றித்தான் எழ முடியும். இன்னும் தாழ்ந்தால் யாராவது கை கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் சொல்ல வந்த செட்டில் மூன்று உருப்படி. சின்ன நாற்காலி இரண்டு, நடுவில் போட முதுகு உயர்ந்த பெரிய நாற்காலி ஒன்று. பர்மா தேக்கு, ஓரமெல்லாம் பித்தளை ஆணி. சின்னவை இரண்டும் ஜெயங்கொண்டத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தன. பெரியது எங்கே என்று விசாரித்ததில், திருமானூரில் கண்ணையன் என்பவர் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. சொத்து பிரித்தபோது சின்னவை தம்பிக்கும் பெரியது இவருக்கும் போயிருக்கின்றன. ஒரு செட்டைப் பிரிக்கிற மனிதர்களை என்னவென்று சொல்வது.

போய்ப் பார்த்தேன். கண்ணையன் எழுபத்தாறு வயதுக்காரர், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. பகல் முழுக்க அந்த நாற்காலியில்தான் இருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் மலர்கொடி என் பழைய மாணவி. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவே கதி என்று இருப்பவள். அவள் "டிராயிங் சார்" என்று ஓடி வந்து காபி கொடுத்தாள். நாற்காலியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"இதுல உக்காந்தாத்தான் சார் எனக்கு முதுகு நிக்கிது. நான் போனப்பறம் நீங்களே எடுத்துக்கிங்க" என்றார் கண்ணையன்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இது அவரே சொன்ன வார்த்தை. நான் எட்டு மாதம் காத்திருந்தேன். வாரம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வருவேன். நல்ல மனிதர். ஆனால் உடம்பு தளர்கிற மாதிரியே இல்லை. என் கூடத்தில் சின்ன நாற்காலிகள் இரண்டும் நடுவில் இடம் விட்டு எதிரும் புதிருமாகக் கிடந்தன. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வெறும் இடம்தான் முதலில் கண்ணில் படும். சில நாள் சோறு இறங்காது.

அவருடைய நாற்காலியில் துணி நைந்து ஸ்பிரிங் வெளியே தெரிந்தது. என் செலவில் சரிசெய்து தருவதாகச் சொன்னேன். மலர்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. அரியலூரிலிருந்து குஷன் வேலை செய்யும் திருமுருகனைக் கூட்டிப் போனேன். அவனிடம் மெரூன் வெல்வெட்டும், பழைய நாரோடு சேர்க்கக் கொஞ்சம் புது நாரும், இன்னும் சில சாமான்களும் வாங்கிக் கொடுத்தேன். சீட்டின் பின்பக்கத்தை நாலைந்து அங்குலம் இறக்கி, முன்விளிம்பை உயர்த்தச் சொன்னேன். அவன் கையை நிறுத்திவிட்டான்.

"சார், இது தப்பா போயிரும். இதுல உக்காந்தா நானே எந்திரிக்க யோசிக்கணும். அவரு எப்புடி எந்திரிப்பாரு?"

"முதுகுக்கு ஓய்வு கொடுக்கிற வேலை இது. சொன்னதைச் செய்" என்றேன். செய்தான். வேலை சுத்தமாக இருந்தது.

கண்ணையன் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தொட்டில் மாதிரி இருக்கு சார்" என்று சிரித்தார். எழும்போதெல்லாம் மலர்கொடி இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. சீட்டு கீழே போய்விட்ட மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். புது நார் படிய நாளாகும் என்றேன். ஆசிரியர் சொன்னால் அவள் எப்போதும் கேட்டுக்கொள்வாள், வகுப்பிலும் அப்படித்தான்.

சித்திரையில் அவளுடைய மகளிர் குழுவில் திருச்செந்தூர் பக்கம் நான்கு நாள் டூர் போட்டிருந்தார்கள். ஆறு வருடமாக ஊரைத் தாண்டாத பெண். போய் வா, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சாவியைக் கொடுத்தாள். "ஒரு நாளைக்கு ஒரு தடவையாச்சும் எட்டிப் பாத்துக்கிங்க சார்" என்றாள். பக்கத்து வீட்டு ஜானகி சாப்பாடு தருவதாக இருந்தது. நானே ஓட்டலிலிருந்து வாங்கி வருகிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பத்து மணிக்குப் போனேன். விடியற்காலையில் மகள் உட்கார வைத்துவிட்டுப் போனபடியே இருந்தார். "வாங்க சார். கொஞ்சம் கையக் குடுங்க, பாத்ரூம் போவணும்" என்று இரண்டு கையையும் நீட்டினார். அந்த நிமிடம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதுவரை இல்லை. "இருங்கண்ணே, வரேன்" என்றேன். அவருடைய செல்போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டேன். டிவி சத்தத்தை உயர்த்தி வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

மலர்கொடிக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறவில்லை. நான்கு நாளும் எட்டிப் பார்த்தேன். அவள் எனக்குப் போன் செய்தபோதெல்லாம் அப்பா நாற்காலியில்தான் இருக்கிறார் என்றேன், அது உண்மைதான். இரண்டாம் நாள், "என்ன சார், வரேன்னுட்டுப் போயிட்டீங்க" என்றார். கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டார். முன்விளிம்பு உயரமாக இருந்ததால் சறுக்கி இறங்கவும் அவருக்கு வழியில்லை. கைப்பிடியைப் பிறாண்டிப் பிறாண்டி வெல்வெட் சாக்கு வரை கிழிந்திருந்தது. பதினோரு பித்தளை ஆணி பிடுங்கிக் கிடந்தது. அந்தத் தலையளவில் இப்போது ஆணி கிடைப்பதில்லை. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிகள் மேல் டர்க்கி டவலை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் என்னை அடையாளம் தெரியவில்லை. "மலரு வந்துட்டியா" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது.

நான்காம் நாள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வேட்டியை மாற்றி, முகத்தைத் துடைத்து, டிவியை அணைத்தேன். பிறகு ஜானகியைக் கூப்பிட்டேன். வெயிலும் வயதும் சேர்ந்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது. நல்ல சாவு என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மலர்கொடி குட்டி யானை வண்டி பிடித்து நாற்காலியை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். "உசுரு போன நாற்காலிய வூட்டுல வைக்கக் கூடாதுன்றாங்க சார். அப்பாவும் உங்களுக்குத்தான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. கடைசி நாலு நாளும் நீங்கதான பாத்துக்கிட்டீங்க" என்று என் காலில் விழுந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை.

மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பெரிய நாற்காலியின் சீட்டு சின்னவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பழையபடி பதினெட்டுக்கு உயர்த்தச் சொல்லித் திருமுருகனை வரவழைத்தேன். அவன் டவலை அவிழ்த்தான். சீட்டின் வெல்வெட்டைப் பிரித்தான். கைப்பிடியில் கிழிந்திருந்த இடத்தில் விரல்களை வைத்துப் பார்த்தான்.

"தூக்கத்துல போனாருன்னுதான சார் சொன்னீங்க?"

பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள். அவனுடைய பெரிய கத்தரிக்கோல் என் கூடத்தில் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடவும்.

எண்ணம் முதல் நாள்தான் வந்தது என்றால், வெல்வெட்டுக்கும் நாருக்கும் நடுவில் பிரசவ வார்டில் விரிக்கிற ரப்பர் ஷீட்டை ஒரு மாதம் முன்பே எதற்கு வாங்கி வைத்துத் தைக்கச் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அது எழுபது எண்பது வருடத்து நார், அம்மா. வெல்வெட் போனால் மாற்றிக்கொள்ளலாம். நார் நனைந்தால் அவ்வளவுதான். முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன்.

நாற்காலி இப்போது உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. குனிந்து முகர்ந்து பாருங்கள், துளி வாடை இருக்காது.