நோட்டரி வரும் அத்தியாயம்

புத்தக அட்டைக்குக் காலிகோத் துணி ஒட்ட மைதா பசைதான் நல்லது. ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சினால் பூச்சி அரிக்காது. இதிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு, தலைவர் ஞானசிகாமணி அவர்களே. கடிதத்தில் எதையும் நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்றுதான் நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

நம் பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில் நாலு பேருக்கு ஒரே புத்தகம். கை மாறிக் கை மாறித் தாள் விட்டுப்போகும் என்று, வாங்கியதுமே அதைப் பிரித்துத் தைத்து அட்டை போடுவது செயலாளரான என் பொறுப்பு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் கட்டுகளைத் தைத்த கை இது. முதலில் வாசிப்பவனும் நான்தான்.

அந்தப் போர்த்துகீசிய நாவலின் தமிழாக்கம் வந்த வாரம், ஜெமிமா டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். தினமும் நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் இலக்கியம் பேசுவது என் வழக்கம். பெரும்பாலும் நான்தான் பேசுவேன். டீச்சர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கவனமாகக் கேட்பார்.

"மக பெங்களூருக்கே வந்துரச் சொல்லுதா, குற்றாலலிங்கம் அண்ணாச்சி. இந்தப் புஸ்தகத்த முடிச்சிட்டுப் பதில் சொல்லுதேன்னிருக்கேன்."

மறுநாள் நாவலை வாசித்தேன். கணவனை இழந்த எர்மெலிந்தா ஒரு கடற்கரை ஊரில் தனியாக இருக்கிறாள். பிரேசிலிலிருந்து மகன் கூப்பிடுகிறான். கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடியும்போது கப்பல் ஏறிவிடுகிறாள். டீச்சர் இதை வாசித்தால் என்ன ஆகும்? மூன்று பேரை வைத்துக்கொண்டு வட்டம் நடத்த முடியாது. முழுக்க வட்டத்தின் நலன் கருதித்தான் பிளேடை எடுத்தேன்.

கடைசி அத்தியாயம் பதினெட்டுப் பக்கம். ஒரு வெட்டுக்கூடப் பிசகவில்லை. அதை நான் வாசிக்கவில்லை. கப்பல் ஏறியவளைப் பற்றி இனி என்ன இருக்கப்போகிறது? வெட்டிய தாள்களை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நல்ல தாள், நின்று எரிந்தது.

பிறகு நானே பதினெட்டுப் பக்கம் எழுதினேன். எர்மெலிந்தா அடுத்த துறைமுகத்தில் இறங்கித் திரும்பி வருகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு நோட்டரி. மனைவியை இழந்தவர், படித்தவர். உயரம் என் உயரம்தான், அது தற்செயல். தினமும் நாலு மணிக்கு அவள் கதவைத் தட்டி, விளக்கு வைக்கும்வரை நல்ல விஷயங்களாகப் பேசுகிறார். அவளுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அதே மாதிரி எழுத்தில் அச்சடித்து வாங்கிவந்து தைத்தேன். எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மைதா பசை அப்படி.

கூட்டத்தில் நீங்கள் மூவரும் பேசியதைக் குறிப்பேட்டில் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறேன். முழுதும் இதுதான்.

"யாரு அண்ணாச்சி இந்த நோட்டரி? அதுவரைக்கும் ஆளையே காணோம், கடைசில வந்து அட்டப்பூச்சி மாதிரில்லா ஒட்டிக்கிடுதான்" என்றார் நஃபீஸத்.

"சோலி இல்லாத பயலா இருப்பான் வே" என்றீர்கள் நீங்கள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசுதான், பேசுதான், பேசிட்டே இருக்கான். இவன் பேச்சக் கேக்கவா அவ கப்பல விட்டு எறங்கி வந்தா? வாசிச்சு முடிச்ச கையோட மகளுக்குப் போன் போட்டு, வாரேன்னு சொல்லிட்டேன்."

பத்தாம் நாள் டீச்சரை நாம்தான் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டோம். பெட்டிகளை நான் தூக்கினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பாளர் நம் கூட்டத்துக்கு வருகிறார். அவர் முன்னால் நீங்கள் நோட்டரியைத் திட்டினால் அவர் விழிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். அதற்காகவே வேறொரு பிரதி வாங்கி, உண்மையான கடைசி அத்தியாயத்தையும் வாசித்துவிட்டேன். கப்பல் புறப்படும் முன்பே எர்மெலிந்தா இறங்கிவிடுகிறாள். தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, புறவாசலில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு தனியாகச் சந்தோஷமாக இருக்கிறாள்.

இதை வாசித்திருந்தால் டீச்சர் இங்கேயே இருந்திருப்பார் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். மூலத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அந்தக் கதவை நாலு மணிக்குத் தட்ட ஒருவரும் இல்லை.