தோட்டம் பார்க்க வந்தவர்

செருப்பைக் கழட்ட வேணாம் தம்பி, களத்து மண்ணு இங்க எல்லா இடத்துலயும்தான் கிடக்கு. உக்காருங்க. தோட்டத்தை வாங்க வந்தவரை ஒரு வாய் காப்பி கூடக் குடுக்காம அனுப்பினா நல்லாவா இருக்கும்? நம்ம செடியில வந்ததுதான். சர்க்கரை கம்மியா? சரி.

இந்த ஜன்னல் வழியா பாருங்க. ஓடையை ஒட்டி உசரமா, கிழடு தட்டின செடிங்க தெரியுதா, அது என் மாமனாரோட அப்பா வச்சது. நடுவுல இருக்கிறது மாமனார் வச்சது. வீட்டுக்குப் பக்கத்துல எங்க வீட்டுக்காரரும் நானும் வச்சோம். அவர் குழி தோண்டுவார், நான் கன்னு வைப்பேன். அப்ப மூத்தவன் வயித்துல. குனிய முடியாம உக்காந்து உக்காந்தே நகர்ந்திருக்கேன். அவர் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் நான்தான் பார்த்துக்கிறேன்.

ஆமா, தனியாத்தான். பழம் பறிக்கிறப்ப ஆளுங்க வருவாங்க, சாயங்காலம் போயிடுவாங்க. அப்புறம் விளக்கு வச்சிட்டு சாமிகிட்ட கொஞ்ச நேரம் பேசுவேன். பாவம், அவரும் எத்தனை தடவைதான் என் மூட்டு வலியைக் கேப்பாரு.

பசங்களா? மூணு பேர், மூணு ஊர்ல. போன தடவை ஒருத்தர் தோட்டம் கேட்டு வந்தப்ப மூணும் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்துச்சுங்க. ஓடைப் பக்கம் எனக்குங்கிறான் பெரியவன். அண்ணனுக்கு எப்பவும் தண்ணி இருக்கிற இடம்தான் வேணும்ங்கிறா பொண்ணு. விக்கவே கூடாதுங்கிறான் சின்னவன். அப்ப நீ வந்து களை புடுங்குறியாடாங்கிறா அக்கா. பறிச்ச பழத்தை அன்னிக்கே தோல் உரிச்சாகணும் தம்பி. இவங்க சண்டையில மூட்டையை அவிழ்க்க ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. விடிஞ்சு பார்த்தா அத்தனையும் சூடேறிப் புளிச்சுக் கிடக்கு. வேற யாரா இருந்தாலும் வயிறு எரிஞ்சிருக்கும். நான் பாட்டுக்கு மூணு பேருக்கும் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க. அந்த அடுப்படியில ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நாலு பேரும் சாப்பிட்டோம்.

அப்புறமென்ன, வந்தவர்கிட்ட கட்டுப்படியாகலன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கு முன்னாடி வந்தவர்கிட்டயும் அதேதான்.

இல்ல இல்ல, பசங்களுக்காக நீங்க காத்திருக்க வேணாம். நீங்க வர்றதா மூணு பேருக்கும் போன் போட்டேன். நேத்து பொண்ணு கூப்பிட்டா. அம்மா, நாங்க பேசிக்கிட்டோம், எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல, நீ எப்படிச் செஞ்சாலும் சரி, எங்க வேணுமோ கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறோம்னா. நல்ல பிள்ளைங்க. ஒத்துமையா இருக்கணும்னு நான்தானே தினமும் சாமிகிட்ட கேட்டேன்.

அந்த மெத்தைங்களா? வந்தா படுக்கட்டுமேன்னு வெயில்ல போட்டு எடுத்து வச்சது. தள்ளிட்டு காலை நல்லா நீட்டிக்கோங்க.

விக்கிற நெனப்பே எனக்கு இதுவரைக்கும் இருந்ததில்ல தம்பி. தோட்டம் பார்க்க ஆள் வருதுன்னாத்தான் பசங்க வீட்டுக்கு வருதுங்க. அதான் வருஷா வருஷம் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவை யாரும் வரல.

குடிச்சாச்சா? டம்ளரை அங்கயே வைங்க, நான் கழுவிக்கிறேன். வாங்க, எல்லை எதுவரைக்கும்னு காட்டுறேன்.