நான் அணைத்துக்கொண்டே இருந்த மோடம்

மேடையில பேசிப் பழக்கமில்லைங்க. எங்க வீட்டுல நடந்த ஒண்ணை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்... சின்னக் கதைதான், கேளுங்க.

என் மகள் ஆதிரைக்கு மூணு வயசு. உங்க பிள்ளைங்க மாதிரியே காதுக் கருவி போட்டவ. வாரம் ஒருநாள் மதுரையிலேருந்து பியூலா மேடம் வீடியோவில பேச்சுப் பயிற்சி தருவாங்க. எங்க வீட்டு நெட் சரியில்லாம ரெண்டு வாரம் வகுப்பு தவறிப்போச்சு. மூணாவதும் தவறினா, அந்த இடம் வரிசையில நிக்கிற அடுத்த பிள்ளைக்கு.

புது மோடமும் ரவுட்டரும் வாங்கினோம். பதினோரு மணிக்கு வகுப்பு, பத்தரைக்கு மாட்ட உட்கார்ந்தேன். டெலிபோன் வயரை மோடத்துல சொருகியாச்சு. மோடத்துலேருந்து இன்னொரு வயர், ரவுட்டர்ல தனி நிறத்துல இருக்கிற ஓட்டைக்கு. எல்லாம் சரி. ஆனா மோடத்துல ஒரு பச்சை விளக்கு... மினுக்குது. மினுக்கிட்டே இருக்குது. என்ன செஞ்சேன்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மறுபடி மினுக்குது. மறுபடி ஆஃப். நீங்க பண்ணியிருக்க மாட்டீங்களா?

எட்டாவது தடவைக்கு அப்புறம் டெலிபோன் லைன்மேன் இசக்கியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க லைன் செத்துப்போச்சு."

"லைன் நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு நேரம் விட்டுப் பாத்த?"

"அரை நிமிஷம் இருக்கும்."

"அரை நிமிஷத்துல காப்பித் தண்ணி கூடக் கொதிக்காதே தாயி. கையை எடு. அது பேசிக்கிட்டு இருக்கு."

"யார்கிட்ட?"

"எக்ஸ்சேஞ்ச்கிட்ட. நடுவுல மூணு கிலோமீட்டர் செம்புக் கம்பி. மழைத்தண்ணி, ஒட்டுப்போட்ட இடம்னு ஒரே இரைச்சல். அதனால ஒவ்வொரு சுருதியா அனுப்பி, இது கேக்குதா, இது கேக்குதான்னு பாக்கும். தெளிவா கேக்குறதை வெச்சுக்கிடும், கேக்காததை விட்டுரும். அப்புறம்தான் லைட்டு மினுக்காம நிலையா நிக்கும். நீ பாதியிலயே கழுத்தைப் புடிச்சா?"

நாம எல்லாரும் பிள்ளையோட அந்தக் காது சோதனை அறையில உட்கார்ந்திருக்கோம் இல்லையா? ஒரு ஒலி... கேட்டுச்சுன்னா பிள்ளை கட்டையைக் கூடையில போடும். இன்னொரு ஒலி... கேக்கலை, போடாது. எங்க ஹால் மூலையில ஒரு டப்பா அதையேதான் செஞ்சுட்டு இருந்திருக்கு. எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் நான் அணைச்சிருக்கேன்.

ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். ரெண்டு நிமிஷம்... விளக்கு நின்னுச்சு. அசையாம.

வகுப்பு தொடங்குச்சு. மேடம் திரையில ஒரு பந்தைக் காட்டி, "ஆதிரை, என்ன வேணும்?"னாங்க. வழக்கமா நான் விடுவேனா? "பந்து சொல்லு, பந்து சொல்லு"ன்னு நச்சரிப்பேன். அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள எண்ணினேன். பத்து... பதினஞ்சு... அவ பந்தையே பார்த்தா. பத்தொன்பது. உதடு ரெண்டும் ஒட்டுச்சு, பிரிஞ்சுது.

"ப..."

அவ்வளவுதாங்க. ஒரே ஒரு எழுத்து. மூணு வருஷத்துல நான் சொல்லிக் கொடுக்காம முதல் தடவையா அவளா சொன்னது.

இதை ஏன் சொல்றேன்? நம்ம பிள்ளைங்க பேசாம நம்ம முகத்தையே பார்க்கும்போது, உள்ளே எவ்வளவு பெரிய வேலை நடக்குது... இந்த ஒலி கேக்குதா, இதை வெச்சுக்கலாமான்னு. நாம பயத்துல "சொல்லு, சொல்லு"ன்னு ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சை அணைச்சுடறோம்.

இன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு இருபது வரைக்கும் எண்ணுங்க. பத்துக்கு மேல ரொம்பக் கஷ்டமா இருக்கும்... நிறுத்தாதீங்க.