ஒட்டாத பச்சை வளையம்

வில்லாபுரம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கலர் பேப்பர் சுருள்.

"எங்க வீட்டுத் தோரணம் ரெண்டு துண்டாத்தான்க்கா தொங்கும்."

"ஏன்டி?"

"மக பொறந்தநாளுக்கு காகித வளையத்தைக் கோத்துச் சங்கிலி செய்வோம். ஆளுக்கொரு கலரு. அவங்கவங்க வளையத்தை அவங்கவங்கதான் ஒட்டணும். நடுவுல வர்ற பச்சை எங்க வீட்டுக்காரரோடது. அவுக துபாய் போயி மூணு வருசமாச்சுல்ல, அதை ஒட்டாம அப்படியே விட்டுருவோம்."

"ஒரு சொட்டுப் பசை. நீயே ஒட்டிற வேண்டியதுதானே?"

"போன வருசம் ஒட்டத்தான் போனேன். மக என் கையைப் புடிச்சுட்டா. 'நீ ஒட்டிட்டா, அப்பா வந்து ஒட்டுறதுக்கு எதும்மா இருக்கும்?'ங்குறா."